சாந்தக்காவோட எடது காலு

கேரளா எல்லையோரத்துல எங்க எருத்தேன்பதிப் பக்கம் யாருக்காவது குறுக்கு புடிச்சுக்கிச்சுன்னா மொதல்ல போறது ஆசுபத்திரிக்கில்லீங்க. சாந்தக்கா ஊட்டுக்குத்தான். முழுப்பேரு சாந்தம்மாள். வயசு அம்பத்தி நாலு. ரண்டு ஏக்கரா தென்னை, மூணு மாடு, கட்டிக் குடுத்த ஒரு பொண்ணு, தங்கதுரைன்னு ஒரு புருசன். இதுல என்ன அதிசயம்னு கேப்பீங்க. ஒண்ணுமில்லீங்க. அதிசயமெல்லாம் அவங்க பொறந்த விதத்துலதான். தலை வராம, காலு முன்னாடி வந்து பொறந்தவங்க அவங்க.

அப்படிப் பொறந்தவங்க மிதிச்சா குறுக்குப் பிடிப்பு வுட்டுப்போகும்னு எங்க சனத்துக்கு ஒரு நம்பிக்கை. அதுக்கு மொறை இருக்குதுங்க. பல்லு வெளக்காம, வெறும் வயித்தோட, பொழுது கெளம்பறதுக்கு முன்னாடி வாசப்படிக்கு நேரா குப்புறப் படுக்கோணும். எடது காலால மூணு மிதி. மிதின்னா ஏறி நிக்கறதில்லீங்க, பாதத்த வெச்சு மெல்ல அமுத்தி இழுக்கறது. அப்படியே மூணு நாளைக்கு. அந்த மூணு நாளும் ஊசி ஆகாது, மாத்திரை ஆகாது. மிதிக்கிறவங்க கைநீட்டி எதுவும் வாங்கவும் கூடாது.

இதச் சொல்ற நான் செல்வலட்சுமி. அவங்க தோட்டத்துக்கு அடுத்த தோட்டம் எங்களுது. எங்க வார்டுக்கு ஆஷா, சுகாதார ஊழியரு, நாந்தான். யாரு முழுகாம இருக்கறா, யாருக்கு பிரசர், எந்தக் கொழந்தைக்கு எப்ப ஊசின்னு ஊடு ஊடாப் போயி கேட்டு, தமிழ்ல கேட்டத மலையாளத்துல எழுதிக் குடுக்கறது என்ற வேலை. வாயி கொஞ்சம் நீளம்னு ஊர்ல பேரு. பொய்யில்லீங்க. கூச்சமே கெடையாது எனக்குன்னு நானே நெனச்சுட்டு இருந்தேன். அந்த நெனப்புல மண்ணு விழுந்த கதையத்தான் சொல்லப் போறேன்.

சாந்தக்காவுக்கு அஞ்சு வயசுல ஆரம்பிச்சுதாமுங்க இந்த மிதி. வண்டிக்காரரு ஒருத்தரு நிமிர முடியாம வந்து படுத்தாராம். அப்பா தூக்கி நிறுத்தி, "வெய்யி கண்ணு, மெல்ல வெய்யி"ன்னாராம். அதுக்கப்பறம் தெனமும் வெடியக்காலத்துல யாராச்சும் வாசல்ல படுத்துக் கெடப்பாங்களாம். "பள்ளிக்கூடம் போறதுக்கு முன்னாடி நாலு முதுகு மிதிச்சுட்டுத்தான் நான் பல்லே வெளக்குவேன் செல்வி"ன்னு சொல்லுவாங்க. பள்ளிக்கூடத்துல பசங்க "உதைகாலி"ன்னு கூப்புட்டுக் கெக்கேபிக்கேன்னு சிரிப்பாங்களாம். வெடிஞ்சா அதே பசங்களோட அப்பனாத்தா வந்து வாசல்ல நிப்பாங்களாம்.

கலியாணமும் அதுலதான் அமைஞ்சுது. தங்கதுரை மாமாவோட அப்பா குறுக்கு புடிச்சு வந்து மிதி வாங்கினாரு. மூணாம் நாளு நிமிந்து நின்னதும், "இந்தப் பொண்ணு எங்கூட்டுக்கு வரட்டுமுங்க"ன்னு அங்கயே கேட்டுப்புட்டாரு. "மாப்பிள்ளை மொகத்தப் பாக்கறதுக்கு முன்னாடியே மாமனாரு முதுகப் பாத்துட்டேன்"னு அக்கா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க.

அக்கா அதிகம் பேசாத மனுசி. யாரு வந்தாலும் கால நல்லாத் தேச்சுக் கழுவுவாங்க. வயசுல மூத்தவங்கன்னா, குனிஞ்சு முதுகத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டு, "மன்னிச்சுக்குங்க"ன்னு சொல்லிட்டுத்தான் பாதத்த வெப்பாங்க. மரமேறி, லோடுக்காரன், டிராக்டர் ஓட்டறவன், சித்தூர் காலேஜுல பாடம் சொல்ற வாத்தியாரு, அத்தன பேரும் அந்த வாசல்ல குப்புறக் கெடந்தவங்கதான். ஏன், நானே கெடந்திருக்கறேன். அஞ்சு வருசத்துக்கு முந்தி தண்ணி நெறஞ்ச டிரம்மத் தூக்கி எனக்குப் புடிச்சுக்கிச்சு. மூணு நாளு மிதிச்சாங்க. வுட்டுப்போச்சு.

அவங்க மிதிக்காத ஒரே முதுகு தங்கதுரை மாமாவுதுதான். கட்டுனவரக் காலால தொடறதாவது! தெரியாத்தனமா நடக்கறப்ப காலு பட்டுட்டாலும் தொட்டுக் கும்பிடற ஆளு அக்கா. மாமாவும் ஒத்துக்க மாட்டாரு. "ஊருக்கெல்லாம் காலு, எனக்கு மட்டும் கையி. நான் குடுத்து வெச்சவன் அம்மிணி"ன்னு என்னயக் கேலி பண்ணுவாரு.

ரண்டு வருசத்துக்கு முந்தி எங்க ஆஷாக்காரிகளுக்கெல்லாம் ஒரு கிளாஸ் வெச்சாங்க. எங்க ஆரோக்கிய கேந்திரத்து நர்சு ஜிஜி சிஸ்டர்தான் எடுத்தாங்க, குறுக்கு வலியப் பத்தி. எலும்புக்கும் எலும்புக்கும் நடுவுல மெத்தை மாதிரி ஒரு ஜவ்வு இருக்குதாம். குனிஞ்சு பாரம் தூக்கி, தூக்குன கையோட இடுப்பத் திருப்புனா சதை புடிச்சுக்கும். சில பேருக்கு அந்த ஜவ்வு பிதுங்கி நரம்புல இடிக்கும். அப்பத்தான் வலி பொச்சுல புடிச்சுக் குதிங்கால் வரைக்கும் இழுக்கும். உக்காந்து தூக்கோணும், பாரத்த ஒடம்போட சேத்துப் புடிக்கோணும், வலிக்குதுன்னு படுத்தே கெடக்காம மெல்ல நடமாடோணும், சுடுதண்ணி ஒத்தடம் குடுக்கலாம்னாங்க. நூத்துக்குத் தொண்ணூறு பேருக்கு, என்ன பண்ணுனாலும் பண்ணாட்டியும் சில வாரத்துல தானா சரியாயிரும்னும் சொன்னாங்க.

நான் சும்மா இருப்பனா? "அப்ப எங்க சாந்தக்கா காலு?"ன்னு கேட்டேன்.

"அதும் அந்த 'என்ன பண்ணுனாலும்'ல ஒண்ணுதான் செல்வி"ன்னு சிஸ்டர் சிரிச்சாங்க. எனக்குச் சுருக்குனு கோவம் வந்துச்சு. ஆனா யோசிச்சுப் பாத்தா, மூணு நாளுல போகாதவங்களும் இருந்தாங்கல்ல? அவங்க ரண்டாவது தடவ வந்து மிதி வாங்குவாங்க, அதுக்குள்ள வலியே போயிருக்கும். அத நாங்க யாரும் எண்ணிப் பாத்ததில்ல.

அப்பறந்தான் சிஸ்டர் சிரிப்ப நிறுத்திட்டு ஒண்ணு சொன்னாங்க. "மிச்சம் இருக்கற கொஞ்சம் பேரு இருக்கறாங்க. அவங்களத்தான் நீங்க புடிக்கோணும். காலு பலமில்லாம தொவளுதா? உக்கார்ற எடம் மரத்துப்போச்சா? ஒண்ணுக்கு வரலயா, இல்ல தெரியாமப் போகுதா? இதுல ஒண்ணு இருந்தாலும் அன்னைக்கே பெரிய ஆசுபத்திரி. நாளைக்குன்னு சொல்லக் கூடாது. கூச்சப்படாம வாயத் தொறந்து கேக்கோணும்." நோட்டுல எழுதி அடிக்கோடு வேற போட்டேனுங்க, செகப்பு மையில.

இப்ப மாமா கதைக்கு வர்றேன். அவருக்கு ஒரு வருசமாவே எடது காலுல இழுப்பு இருந்துச்சு. துண்ட இடுப்புல இறுக்கிக் கட்டிக்குவாரு, சித்தூருக்குப் போறப்ப மருந்துக் கடையில மாத்திரை வாங்கிப் போட்டுக்குவாரு. "ஒருக்கா காட்டுங்க மாமா"ன்னா, "காட்டுனா கத்திய எடுப்பான் அம்மிணி"ம்பாரு.

போன பங்குனியில ஒரு ஞாயித்துக்கெழமை. உரிச்ச தேங்கா மூட்டைய ஏத்தறதுக்கு டெம்போ வந்து நிக்குது. லோடுக்காரங்க வரல. டிரைவரு அவசரப்படுத்தறான். மாமா குனிஞ்சாரு, மூட்டையத் தூக்குனாரு, வண்டிப்பக்கம் திரும்புனாரு. அப்படியே முட்டி போட்டு உக்காந்துட்டாரு. நாலு பேரு தூக்கிட்டு வந்து ஊட்டுல போட்டாங்க. நான் ஓடிப் போயிப் பாத்தா, மனுசன் வேர்த்து ஊத்திட்டு ஒருச்சாஞ்சு கெடக்கறாரு. அந்நேரத்துலயும் கேலி போகல. "அம்மிணி, உன்ற நோட்டுல என்னையும் எழுதிக்க"ங்கறாரு.

நான் ஒரு வார்த்த சொன்னேனுங்க. இன்னைக்கும் அத நெனச்சா என்ற நாக்க இழுத்து வெச்சு அறுக்கலாமான்னு இருக்குது. "ஊரே மிதி வாங்கிருச்சு மாமா, நீங்க ஒருத்தருதான் பாக்கி. நாளைக்கு வெடியால படுங்க"ன்னேன்.

அக்கா பதறிப்போயிட்டாங்க. "ஐயோ, ஆகாது செல்வி. இவர நான் எப்படி? பாவம் புடிச்சுக்கும்."

"ஊருல இருக்கறவன் வலியெல்லாம் தெரியுது, கட்டுனவரு வலி தெரியலயாக்கா? எந்தக் காலத்துல இருக்கறீங்க?"ன்னு நாந்தான் ஏத்தி வுட்டேன். சுத்தி நின்னவங்க சிரிச்சாங்க. மாமாவும் பல்லக் கடிச்சுட்டே சிரிச்சாரு. "செரி, பொண்டாட்டிகிட்ட மிதி வாங்காதவன் எவன் இருக்கறான்? நான் படுத்துக்கறேன்"னாரு.

இருபத்தெட்டு வயசுல இருந்து ஆஷா வேல பாக்கறேனுங்க. ஒரு வருசமாக் காலு இழுக்குது, இப்ப பாரம் தூக்கி வுழுந்துட்டாரு. இவரு சிஸ்டர் சொன்ன அந்தக் கொஞ்சம் பேருல ஒருத்தரா இருப்பாரோன்னு எனக்குத் தோணவே இல்ல. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் எனக்கு வுட்டுப்போன குறுக்கு வலி மட்டுந்தான்.

திங்கக்கெழமை பொழுது கெளம்பறதுக்கு முன்னாடி நானும் போயிருந்தேன். அக்கா தலைக்குத் தண்ணி ஊத்திட்டு வந்தாங்க. மாமா குப்புறப் படுத்திருக்காரு. அவரு ரண்டு காலையும் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டாங்க. கண்ணுல தண்ணி. "மன்னிச்சுக்குங்க, மன்னிச்சுக்குங்க"ன்னு சொல்லிட்டே எடது பாதத்த எடுத்து வெச்சாங்க. எறகு படற மாதிரித்தான் வெச்சாங்க, நான் பக்கத்துல நின்னு பாத்தேன். கோர்ட்டுல கேட்டாலும் சொல்லுவேன்.

மத்தியானம் வேலி ஓரத்துல நின்னு அக்கா என்னயக் கூப்புட்டாங்க. மொகத்துல அப்படியொரு சிரிப்பு. "செல்வி, காலு வலி எறங்கிருச்சு! ஒரு வருசத்து வலி! இப்ப மரமரன்னு மட்டுந்தான் இருக்குதாம்." மிதிச்ச எடத்துல மரமரப்பு வந்தா வலி எறங்குதுன்னு அர்த்தம்னு அவங்க அம்மா காலத்துல இருந்தே ஒரு பேச்சு. நானும், "பாத்தீங்களா, இதுக்குப் போயி பயந்தீங்க"ன்னேன். சந்தோசமா இருந்துச்சுங்க. அன்னைக்கு அந்த ஊட்டுல பாயாசம் வெச்சாங்க. எனக்கும் ஒரு சொம்பு வந்துச்சு.

செவ்வாக்கெழம ரண்டாவது மிதி. அன்னைக்கு மத்தியானம் பிரசர் பாக்கற மிசினோட நான் அந்தப் பக்கம் போனேன். மாமா கட்டில்ல ஒருபக்கமாச் சாஞ்சு உக்காந்திருந்தாரு.

"எப்படி மாமா?"

"வலி சுத்தமா இல்ல அம்மிணி. உக்காந்தா மெத்தை மேல உக்காந்தாப்புல இருக்குது."

அக்கா வெச்சுட்டுப் போன மோர் அப்படியே இருந்துச்சு. "ஏன் குடிக்கல?"ன்னேன். "வேண்டாம், வயிறு கனமா இருக்குது"ன்னாரு.

எனக்கு உள்ள எங்கியோ மணி அடிச்சுதுங்க. பொய் சொல்ல மாட்டேன், அடிச்சுது. செகப்பு மை கண்ணுக்கு முன்னாடி வந்துச்சு. மாமா, ஒண்ணுக்குப் போறீங்களா? உக்கார்ற எடம் மரத்துப்போச்சா? ரண்டே ரண்டு கேள்வி. இந்த வார்டுல இருக்கற அத்தன பொம்பளைங்க கிட்டயும் மாசாமாசம் வர்ற தூரத்துல இருந்து பிரசவம் வரைக்கும் கேட்டிருக்கறேன். ஆனா எதுக்கால இருக்கறது மொறையில எனக்கு மாமன், தெனமும் கேலி பேசற ஆம்பளை. அவருகிட்டப் போயி அந்தக் கேள்வியா? அக்காகிட்டத் தனியாக் கேட்டுக்கலாம்னு நெனச்சேன். அக்கா தீவனம் அறுக்கப் போயிருந்தாங்க. செரி பொழுது சாஞ்சு வரலாம்னேன். பொழுதோட குடும்பஸ்ரீ மகளிர் குழு மீட்டிங் இருந்துச்சு. போகலீங்க. அவ்வளவுதான் நான் பண்ணுன தப்பு, ஒரு கேள்விய முழுங்குனது.

புதங்கெழம வெடியக்காலம் அக்கா அலறுன சத்தத்துல நான் எந்திரிச்சு ஓடுனேன். மூணாவது மிதிக்குக் கால் கழுவிட்டு வந்து அக்கா எழுப்பியிருக்காங்க. மாமாவால எந்திரிக்க முடியல. எடது பாதம் தொங்கிப்போச்சு. படுத்திருந்த பாயெல்லாம் ஈரம். ஈரமாயிருக்குதுன்னு அவருக்கே தெரியல. அப்பத்தான் நான் அந்தக் கேள்வியக் கேட்டேன். சத்தம் போட்டுக் கேட்டேன்.

மாமா செவுத்துப் பக்கம் திரும்பிக்கிட்டாரு. "திங்கக்கெழம பொழுதோட இருந்தே செரியா வரல அம்மிணி. உன்றகிட்ட எப்படிச் சொல்றது?"

"அக்காகிட்டச் சொல்லியிருக்கலாமுல்ல?"

"சொன்னா அவ பயந்துக்குவா. நடுவுல நிறுத்திப்புடுவா. மூணு நாளு முடியட்டும்னு இருந்தேன்."

அந்த மனுசன் மூத்திரம் வராதத மறைச்சுட்டு இருந்தது பொண்டாட்டி கால நம்பித்தானுங்க. எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒட்டுக்கா வந்துச்சு. யாரு மேல ஆத்திரப்படறதுன்னுதான் தெரியல.

ஆம்புலன்ஸ் வந்துச்சு. சித்தூருக்குப் போனோம், அங்கிருந்து பாலக்காடு, ஸ்கேன் எடுத்துட்டு அங்கிருந்து இன்னும் பெரிய ஆசுபத்திரி. வியாழக்கெழம மத்தியானம் ஆப்ரேசன். முடிஞ்சு டாக்டரம்மா வெளிய வந்தாங்க. சின்ன வயசுப் பொண்ணுதான், மொகமெல்லாம் அசதி. படத்த வெளிச்சத்துல காட்டி எங்ககிட்ட மலையாளத்துல சொன்னாங்க. ஜவ்வு உடைஞ்சு பெரிய துண்டாப் பின்னால வந்து, ஒண்ணுக்கு, ரண்டுக்கு, காலு எல்லாத்துக்கும் போற நரம்புக் கொத்தையே நசுக்கிருச்சாம். துண்ட எடுத்தாச்சு. நரம்பு பொழைக்குமா, எவ்வளவு பொழைக்கும்னு இப்பச் சொல்ல முடியாது. வருசக்கணக்காகும்.

அக்கா என்ற கையப் புடிச்சாங்க. "நான் மிதிச்சதுனாலயான்னு கேளு செல்வி."

கேட்டேன். டாக்டரு படத்த மறுபடியும் ஒருக்கா பாத்தாங்க. அப்பறம் சொன்னாங்க. மூட்டை தூக்குனப்பவே உடைஞ்சிருக்கோணும். மிதிச்சதுல மிச்சமும் நகந்துச்சா இல்லயான்னு யாராலயும் சொல்ல முடியாது. இருக்கலாம், இல்லாமயும் இருக்கலாம். ஆனா காலு மரத்துப்போன திங்கக்கெழமயே, போகட்டும், செவ்வாக்கெழம மத்தியானமாச்சும் கூட்டிட்டு வந்திருந்தா ரொம்ப வித்தியாசம் இருந்திருக்கும்.

செவ்வாக்கெழம மத்தியானம். நான் அங்கதான இருந்தேன்.

அக்கா பக்கம் திரும்பி, "மிதிச்சதுனால இல்லியாமுங்கக்கா. மூட்டை தூக்குனதுனாலதானாம்"னு மட்டும் சொன்னேன். அக்காவுக்காகச் சொன்னேன்னு அப்ப நெனச்சேன். எனக்காகவும்தானுங்க. அக்கா தலைய ஆட்டிக்கிட்டாங்க.

நாலு நாளு கழிச்சு மாத்துத் துணி எடுத்துட்டு வர அக்காவும் நானும் பஸ்ஸுல ஊருக்குத் திரும்புனோம். பஸ்ஸு கொழிஞ்சாம்பாறையத் தாண்டுச்சு. அக்கா சன்னலப் பாத்துட்டே, "எனக்கும் மலையாளம் புரியும் செல்வி. இத்தன வருசமா இங்கதான இருக்கறேன்"னாங்க. அவ்வளவுதான். திட்டலாமுல்ல? என்ற கன்னத்துல ரண்டு வெக்கலாமுல்ல? ஒண்ணும் பண்ணல. டிக்கெட்ட மடிச்சு மடிச்சுப் பொடியாக்கிட்டு இருந்தாங்க. நான் அந்தப் பக்கம் திரும்பி அழுதேன்.

ஊரு சும்மா இருக்குமா? ஒரு கூட்டம், "புருசன் மேல காலு வெச்சா வெளங்குமா?"ன்னுச்சு. இன்னொரு கூட்டம், "ரண்டு நாளோட நிறுத்திட்டாங்க, மூணாவது மிதி பாக்கி. அதான் காலு பாதியிலயே நின்னுபோச்சு"ன்னுச்சு. மொத நாளு சிரிச்சுட்டு நின்னவங்கதானுங்க ரண்டு கூட்டத்துலயும் இருந்தாங்க. பொண்ணு கௌசிகா கோயமுத்தூர்ல இருந்து வந்து, "இந்தக் காலத்துலயும் மிதியாம்மா? நான் ஊருல தலை காட்ட வேண்டாமா?"ன்னு கத்துச்சு. கத்தி முடிச்சுட்டு அம்மாளக் கட்டிப் புடிச்சுட்டு ஓன்னு அழுதுச்சு. அக்கா அது தலையத் தடவிக் குடுத்தாங்க. அவங்க தலையத் தடவ யாரும் இல்ல.

பதினோரு மாசமாச்சு. வலது காலு அசையுது. வாக்கரப் புடிச்சு நாலு எட்டு வெப்பாரு, எடது பாதம் தரையத் தேச்சுட்டுப் போகும். இடுப்புக்குக் கீழ பின்பக்கம் தொட்டாலும் தெரியறதில்ல, ஒண்ணுக்கு டியூப்தான். அத மாத்தறதுக்கு, படுத்த படுக்கையா இருக்கறவங்கள ஊட்டுக்கே வந்து பாக்கற பாலியேட்டிவ்காரங்களோட ஜிஜி சிஸ்டர் வர்றாங்க. பிசியோ சொல்லிக் குடுத்தத அக்கா வெடியாலயும் பொழுதோடயும் பண்ணி வுடறாங்க. புண்ணு வந்துரக் கூடாதுன்னு ரண்டு மணிக்கொருக்கா திருப்பிப் போடறாங்க. எல்லாம் கையாலதான். மாமாவோட கேலி எங்க போச்சுன்னே தெரியல. நான் வாசல்ல நொழைஞ்சா "வா அம்மிணி"ம்பாரு, அப்பறம் விட்டத்தப் பாத்துட்டுப் படுத்திருப்பாரு. எம்மேல கோவப்படுங்க மாமான்னு கெஞ்சலாமான்னு இருக்கும்.

இன்னும் ஆளுங்க மிதிக்கு வர்றாங்கங்க! போன மாசம் வேலந்தாவளத்துல இருந்து ஒரு லோடுக்காரன் வில்லாட்டம் வளைஞ்சு வந்து, "ஒரே ஒரு மிதி ஆத்தா"ங்கறான். அக்கா உள்ள போயி கதவச் சாத்திட்டாங்க. நாந்தான் அவன வேலி ஓரமா நிறுத்தி, "காலு தொவளுதா? ஒண்ணுக்கு வருதா? பின்னால மரத்துப்போச்சா?"ன்னு கேட்டேன். இப்ப எனக்கு எந்த ஆம்பளைகிட்டயும் கேக்க வருதுங்க. நல்லாவே வருது. அவனுக்கு ஒண்ணுமில்ல, வெறும் சதைப் பிடிப்பு. சில வாரத்துல போயிருக்கும்.

டியூப் மாத்த வந்த சிஸ்டர்கிட்டத் திண்ணையில தனியாக் கேட்டேன், மாமாவுக்குக் காலு இன்னும் வருமான்னு. "ஒரு வருசம் ஒன்றரை வருசத்துக்குள்ள வர்றதுதான் வரும் செல்வி. அதுக்கப்பறம் கொஞ்சம் கஷ்டம்"னாங்க. நான் யாருகிட்டயும் சொல்லல. ஆனா கதவுக்கு அந்தப் பக்கந்தான் மாமா படுத்திருந்தாரு.

போன திங்கக்கெழம வெடியால அக்கா ஆளனுப்பி என்னய வரச் சொன்னாங்க. போனேன். மாமா கட்டில்ல உக்காந்திருந்தாரு. சவரம் பண்ணியிருந்தாரு. ரொம்ப நாளைக்கப்பறம் என்ற மொகத்தப் பாத்துப் பேசுனாரு.

"அம்மிணி, அந்த மூணாவது நாளு மிதிய வெக்கச் சொல்லு இவள. நான் சொன்னா கேக்க மாட்டீங்கறா. ரண்டு நாளோட நிறுத்துனதுனாலதான் இப்படி ஆச்சுன்னு ஊரே சொல்லுது."

"ஊரு கெடக்குது மாமா! ஊருக்கு என்ன தெரியும்?"

"டாக்டருக்குத் தெரிஞ்சுதா? சிஸ்டருக்குத் தெரியுதா? உனக்குத் தெரியுமா அம்மிணி, எனக்குக் காலு வருமா வராதான்னு?"

நான் அக்காவத் திரும்பிப் பாத்தேன்.

அக்கா தூணப் புடிச்சு நின்னுட்டு இருந்தாங்க. "நீ சொல்லு செல்வி. நீ சொல்றதக் கேக்கறேன். வெக்கட்டுமா, வேண்டாமா?"

வேண்டாம்னுதான் சொல்லோணும். அதுக்குத்தான கிளாஸு, நோட்டு, செகப்பு மை எல்லாம். ஆனா அந்த மனுசன் என்னயப் பாத்துட்டு இருக்காரு. பதினோரு மாசத்துல அவரு கேட்டது இது ஒண்ணுதான். வேண்டாம்னா அந்த மொகம் மறுபடியும் விட்டத்துக்குத் திரும்பிரும். வெய்யின்னா, இதுலயும் ஒண்ணும் நடக்கலீன்னு நாளைக்கு அவருக்குத் தெரிஞ்சுபோகும். ரண்டுக்கும் எனக்குத் தைரியமில்ல. "தையல் போட்ட எடத்துல படாம, கீழ வெய்யிங்கக்கா. பாரம் குடுக்காதீங்க"ன்னு மட்டும் சொன்னேன்.

நாங்க ரண்டு பேருமாச் சேந்து அவர எறக்கி, வாசப்படிக்கு நேரா பாய் போட்டுக் குப்புறப் படுக்க வெச்சோம். டியூப் இழுபடாம நான் பைய கையில புடிச்சுக்கிட்டேன். அக்கா கால் கழுவிட்டு வந்தாங்க. அவரு காலத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டாங்க. செவுத்துல ஒரு கைய ஊனிட்டு, வடுவுக்குக் கீழ, இடுப்பெலும்புக்கும் கீழ, எடது பாதத்த வெச்சாங்க. மெல்ல அமுத்தி இழுத்தாங்க. மொத மிதி. அப்பறம் ரண்டாவது. மூணாவதா வெச்ச பாதத்த எடுக்கவே இல்ல, அவரு மேல அப்படியே வெச்சுட்டு அழுதுட்டு இருந்தாங்க.

மாமா தலையத் தூக்காம, கண்ண இறுக்கி மூடிட்டுக் கெடந்தாரு. சித்த நேரம் பொறுத்துப் பாத்தாரு.

"வெய்யி சாந்தா"ன்னாரு. "ஏன் நின்னுட்டே இருக்கற?"